வேண்டாமென்ற வேடங்கள்!

நீதிமன்றக் கட்டடம். அதன் முன்னே ஒரு தண்ணீர்க் குழாய். குழாயருகே ஓர் அறிவிப்பு: 'வெள்ளையருக்கு மட்டும்.' காவலர்கள் நிற்கின்றனர் கண்களில் கடுமையுடன். கூடியிருக்கிறார்கள் கறுப்பின மக்கள், நெஞ்சிலே நடுக்கத்துடன். அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து ஒரு கிழவி நடக்கிறாள். வயது நூற்றுப்பத்து! முகமெங்கும் சுருக்கம், முதுகிலே கூனல், கையிலே ஊன்றுகோல். அவள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் ஓர் ஆண்டுக்காலம் போல நீளுகிறது. காவலர்கள் பார்க்கிறார்கள். அவள் நிற்கவில்லை. குழாயை அடைகிறாள், குனிகிறாள், குடிக்கிறாள். பிறகு, வந்த வழியே திரும்புகிறாள், அதே தளர்ந்த நடையுடன், தளராத தலையுடன்.

அவ்வளவே காட்சி. அடிதடி இல்லை, ஆர்ப்பரிப்பு இல்லை, அழுகுரல் இல்லை. குடித்தது ஒரு மடக்குத் தண்ணீர். அந்த ஒரு மடக்குக்காக ஓர் இனம் காத்துக் கிடந்தது ஒரு நூற்றாண்டு!

1974ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் இரவு, அமெரிக்க நாட்டு இல்லங்களிலே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தோர் கண்ட காட்சி இது. படத்தின் பெயர் 'மிஸ் ஜேன் பிட்மனின் சுயசரிதை'. லூசியானாவிலே பிறந்த கறுப்பின எழுத்தாளர் எர்னஸ்ட் கெய்ன்ஸ் 1971இல் எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. அடிமையாகப் பிறந்து, உரிமைக் கிளர்ச்சி வரையில் வாழ்ந்த கற்பனைக் கிழவி ஜேன். கற்பனைக் கிழவிக்கு உயிரும் உருவமும் தந்தவர் சிசிலி டைசன் அம்மையார். அப்போது அவருக்கு வயது 49.

அந்த அம்மையாரின் கலைவாழ்வைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுகிறோம். புகழ்மாலை தொடுப்பது நம் நோக்கமாக இருந்திருந்தால் வேலை எளிது. பெற்ற பரிசுகளை வரிசைப்படுத்தினாலே பக்கம் நிரம்பிவிடும். ஆனால் நம் உள்ளத்தை உறுத்துவது வேறொரு கேள்வி. நடிகர் ஒருவரை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? அவர் நடித்த வேடங்களைக் கொண்டு. அப்படித்தான் உலகெங்கும் வழக்கம். நடிக்க மறுத்த வேடங்களையும் கணக்கிலே சேர்த்தால் என்ன? ஒருவர் 'மாட்டேன்' என்று சொன்னது, அவர் செய்து காட்டியதைப் போலவே கலையாகுமா? ஆகும் என்பதே நம் முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு எளிதிலே வந்துவிடவில்லை. வந்த வழியைச் சொல்லுகிறோம்.

முதலிலே, அவர் அடியெடுத்து வைத்த அரங்கம் எத்தகையது என்பதைக் காண்போம்.

ஹாலிவுட் என்னும் கனவுத் தொழிற்சாலையிலே கறுப்பினத்தாருக்கென்று சில வேடங்கள் அச்சிலே வார்த்து வைக்கப்பட்டிருந்தன. விழி பிதுங்கச் சிரிக்கும் கோமாளி ஒருவன். கண்டதற்கெல்லாம் அஞ்சி ஓடும் வேலையாள் ஒருவன். பருத்த உடலும் பரந்த சிரிப்பும் கொண்டு, எசமானியின் பிள்ளைகளைக் கொஞ்சிக் குலவும் சமையற்காரி ஒருத்தி. இந்தச் சமையற்காரிக்கு வீடு உண்டா? தெரியாது. கணவன் உண்டா? கேட்பாரில்லை. அவள் பெற்ற குழந்தை பசித்திருக்கிறதா? படம் அதைக் காட்டாது. வெள்ளை வீட்டுக் குழந்தைக்குப் பால் வார்ப்பதற்காகவே வானத்திலிருந்து விழுந்தவள் போல அவள் திரையிலே நடமாடுவாள்!

அத்தகைய வேடம் ஒன்றைத் 'கான் வித் த விண்ட்' படத்திலே ஏற்று நடித்தார் ஹாட்டி மக்டானியல். 1940இல் ஆஸ்கார் பரிசும் பெற்றார். கறுப்பினத்தாருக்கு முதன்முதலாகக் கிட்டிய ஆஸ்கார் அது. பரிசளிப்பு நடைபெற்ற விடுதியிலே மற்ற நடிகர்களோடு சேர்ந்து அமர அவருக்கு இடமில்லை. சுவரோரம் தனி மேசை! பரிசை வாங்கக் கை உண்டு. பக்கத்தில் அமர உரிமை இல்லை. இதுவன்றோ விந்தை! வேலைக்காரி வேடங்களையே ஏற்கிறீரே என்று பலர் இடித்துரைத்தபோது, வேலைக்காரியாக உழைப்பதைவிட வேலைக்காரியாக நடிப்பது மேலன்றோ என்ற பொருள்பட அவர் விடையளித்தார் என்பர். அந்த விடையிலே ஆணவமில்லை, வறுமையின் கணக்கு இருக்கிறது. அவரைப் பழிக்க நமக்கு மனமில்லை. வாயிற்கதவைச் சாத்தி வைத்துவிட்டு, சாளரத்தின் வழியே வந்தவரைத் திருடர் என்பது எவ்வகை நியாயம்?

பிறகு தொலைக்காட்சி வந்தது. புதிய பெட்டி, ஆனால் உள்ளே பழைய சரக்கு. 1950இல் தொடங்கிய 'பியூலா' என்னும் தொடர், வெள்ளைக் குடும்பத்தின் இன்னல்களைத் தீர்த்து வைக்கும் கறுப்பின வேலைக்காரியின் கதை. இசைச் செல்வர் நாட் கிங் கோல் 1956இல் தம் பெயராலேயே ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். கேட்போரைக் கிறங்க வைக்கும் குரல் இருந்தது. நாடளாவிய விளம்பரதாரர் ஒருவரும் முன்வரவில்லை. அடுத்த ஆண்டே நிகழ்ச்சி முடிந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரப் பணத்தால் இயங்குவது. சோப்பு விற்பவன், தென் மாநிலத்து வெள்ளையர் முகஞ்சுளிப்பாரோ என்று அஞ்சினான். தலைமை நிலையம் அனுப்பும் நிகழ்ச்சியை ஊர் நிலையங்கள் ஒளிபரப்ப மறுக்கவும் முடியும். ஆகவே, கலையின் கழுத்திலே கைவைக்கச் சட்டமொன்றும் வேண்டியிருக்கவில்லை. வணிகரின் அச்சமே போதுமானதாக இருந்தது.

இந்த அரங்கத்துக்குத்தான் வந்தார் சிசிலி டைசன்.

1924 டிசம்பர் 19இல் நியூயார்க்கிலே பிறந்தவர். பெற்றோர் கரீபியக் கடலிலுள்ள நெவிஸ் என்னும் சின்னஞ்சிறு தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தை தச்சர். தாய், பிறர் வீடுகளிலே வேலை செய்தவர். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னாளிலே நாம் பேசப்போகும் வழக்குக்கு இதுவே திறவுகோல்.

சிறுமியாக இருந்தபோதே தெருவிலே கடைப்பைகள் விற்றுக் குடும்பத்துக்குக் காசு சேர்த்தவர். வளர்ந்த பின் செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்திலே தட்டெழுத்துப் பணி. விசைகளைத் தட்டிக்கொண்டிருக்கவா பிறந்தோம் என்று ஒருநாள் எழுந்தார். ஆடை அழகு காட்டும் தொழிலுக்குச் சென்றார். அங்கிருந்து நடிப்புக்கு வந்தார். தாயோ பக்தி மிகுந்தவர். நாடகமும் படமும் பாவத்தின் பாசறை என்று நம்பியவர். நடிக்கப் போகிறேன் என்ற மகளை வீட்டைவிட்டே வெளியேற்றினார். நெடுநாள் பேச்சையும் நிறுத்தினார். அம்மையார் வாழ்விலே கேட்ட முதல் 'கூடாது' தாயினுடையது. அதை மீறித்தான் கலைக்கு வந்தார். வந்தபின் தாமே பலமுறை 'கூடாது' சொல்ல வேண்டியிருந்தது!

1961இல் பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜெனேயின் 'கறுப்பர்கள்' நாடகம் நியூயார்க்கிலே அரங்கேறியது. ஆயிரத்து நானூறு முறைக்கு மேல் நடைபெற்ற நாடகம். ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், மாயா ஏஞ்சலோ, லூயிஸ் காசட் ஆகியோருடன் டைசனும் அதிலே நடித்தார். பின்னாளில் புகழ்க்கொடி நாட்டியோர் பலருக்கு அந்த மேடை ஒரு பயிற்சிக்கூடம்.

1963இல் 'ஈஸ்ட் சைடு வெஸ்ட் சைடு' என்ற தொலைக்காட்சித் தொடர். நியூயார்க்கின் ஏழைகளிடையே பணியாற்றும் சமூகநல ஊழியராக ஜார்ஜ் சி. ஸ்காட், அலுவலகச் செயலாளர் ஜேன் ஃபாஸ்டராக டைசன். பெரிய பாத்திரம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பெண் கோப்புகளைக் கையாளுகிறாள், தொலைபேசியிலே பேசுகிறாள், கருத்துக் கூறுகிறாள். கையிலே தட்டு இல்லை, இடுப்பிலே வேலைக்காரியின் மேலாடை இல்லை! மற்றொன்றும் இருந்தது: அவருடைய தலைமுடி. கறுப்பினப் பெண்கள் சூடேற்றிய சீப்பாலும் மருந்தாலும் தம் சுருள்முடியை நீட்டி நேராக்கி, வெள்ளைப் பெண்டிரின் சாயலைத் தேடிய காலம் அது. டைசனோ குட்டையாக வெட்டிய இயற்கை முடியுடன் நாடறியத் தோன்றினார். பாராட்டியோர் உண்டு, பதறியோரும் உண்டு. இனத்துக்கே இழுக்கு என்று சொன்னவர்கள் வெள்ளையரிலே மட்டும் இருக்கவில்லை. விலங்கைப் பூட்டியவன் போன பின்பும் விலங்கின் தழும்பை அழகென்று எண்ணும் உள்ளம் இருக்கத்தானே செய்கிறது?

அந்தத் தொடரிலே ஹார்லெம் குடிசைப் பகுதியில் எலி கடித்து ஒரு குழந்தை மாளும் கதை வந்தது. தென்னகத்து நிலையங்கள் சில அதை ஒளிபரப்ப மறுத்தன. ஓராண்டுடன் தொடர் நின்றது. எலியை ஒழிக்க முடியாதோர் எலியைப் பற்றிய கதையை ஒழித்தனர்!

இனித்தான் நம் கட்டுரையின் கருவுக்கு வருகிறோம்.

போதைக்கு அடிமையானவள், விலைமாது, வீட்டு வேலைக்காரி - கறுப்பினப் பெண்ணுக்கென்று ஹாலிவுட் நீட்டிய வேடங்களிலே பெரும்பாலானவை இவை. இவற்றை ஏற்க மாட்டேன் என்றார் டைசன். சொல்லுவது எளிது. வாடகை கொடுக்க வேண்டிய நாளிலே சொல்லுவது எளிதன்று. 1971இல் 'ஷாஃப்ட்', 1972இல் 'சூப்பர் ஃப்ளை' என்று துப்பாக்கியும் போதைப் பொடியும் கொண்டு கறுப்பின நாயகர்களைக் காட்டிய படங்கள் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தன. கறுப்பின நடிகர்களுக்கு வேலை கிடைத்ததே அத்தகைய படங்களிலேதான். அம்மையாரோ அவற்றையும் வெளிப்படையாகக் கண்டித்தார். விளைவு? வெள்ளித்திரையிலே அவருடைய படங்கள் ஆண்டுக்கணக்கில் இடைவெளி விட்டே வந்தன. அந்த இடைவெளிகளைத்தான் நாம் ஊன்றிப் படிக்கச் சொல்லுகிறோம். எழுதாத வரிகள் அவை. எழுதிய வரிகளுக்குப் பொருள் தருபவையும் அவையே.

அந்த இடைவெளியிலிருந்து பிறந்தது 1972இல் 'சவுண்டர்'.

1933ஆம் ஆண்டு லூசியானா. நிலம் வெள்ளையருடையது, உழைப்பு கறுப்பினத்தாருடையது, விளைச்சலிலே பங்கு என்ற பெயரால் தீராத கடன். நேதன் என்னும் குத்தகை உழவன் பசித்த பிள்ளைகளுக்காக இறைச்சியைத் திருடுகிறான். பிடிபடுகிறான். கடுந்தண்டனை முகாமுக்கு அனுப்பப்படுகிறான். எந்த முகாம் என்பதைக்கூட மனைவிக்குச் சொல்ல மறுக்கிறது அதிகாரம். அந்த மனைவி ரெபெக்கா. இந்தப் படத்திலே டைசனை முதலிலே பள்ளி ஆசிரியை வேடத்துக்குத்தான் எண்ணினர். அவர் அந்தத் தாயின் வேடத்தையே கேட்டு நின்றார், பெற்றார்.

ரெபெக்கா அழுது புலம்புவாள் என்று எதிர்பார்த்து அமர்வோர் ஏமாறுவர். அவள் பிறர் துணிகளை வெளுக்கிறாள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வயலிலே இறங்குகிறாள். அதிகாரியின் முன் குரலை உயர்த்தாமலே அவனைக் கூசிக் குறுகச் செய்கிறாள். டைசனின் நடிப்பிலே சிக்கனத்தைக் காண்கிறோம். உதடு இறுகும், விழி நிலைக்கும், அவ்வளவுதான். அடக்கி அடக்கிச் சேர்த்து வைத்த அத்தனையும் ஒரே காட்சியிலே உடைகிறது. நொண்டியபடி தொலைவிலே ஓர் உருவம் பாதையிலே வருகிறது. கண்ணுக்குமேல் கைவைத்துப் பார்க்கிறாள். அவனா? அவனேதானா? ஓடுகிறாள்! செருமண் பாதையிலே, கைகளை விரித்து, கணவன் பெயரைக் கூவிக்கொண்டு ஓடுகிறாள். கறுப்பினக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் இவ்வளவு ஆழமாக நேசிப்பதை ஹாலிவுட் அதுகாறும் எத்தனை முறை காட்டியிருந்தது? விரல்விட்டு எண்ணலாம், விரல்களும் மிஞ்சும்.

படம் வெளிவந்தபோது நிகழ்ந்த ஒன்றை அம்மையார் பலமுறை கூறியிருக்கிறார். செய்தியாளர் கூட்டத்திலே ஒரு வெள்ளையர் எழுந்தார். படத்திலே கறுப்பினச் சிறுவன் தன் தந்தையை 'அப்பா' என்றழைத்தது தமக்கு வியப்பாக இருந்தது என்றார். ஏனெனில், தம் மகனும் தம்மை அப்படித்தான் அழைக்கிறானாம்! எண்ணிப் பாருங்கள். படித்தவர், பத்திரிகைக்காரர், ஒரே நாட்டிலே வாழ்பவர். கறுப்பினக் குழந்தையும் தந்தையை 'அப்பா' என்றுதான் அழைக்கும் என்பதை அறிய அவருக்கு ஒரு திரைப்படம் வேண்டியிருந்தது! கொடியவர் என்று அவரைக் கூறமாட்டோம். அவரைக் குருடாக்கி வைத்திருந்தவை, அதுவரை அவர் பார்த்த படங்கள். அன்று அம்மையார் துணிந்தார்: நடிப்பு தமக்குப் பிழைப்பு மட்டுமாக இருக்கலாகாது, இந்தக் குருட்டுத்தனத்தைப் போக்கும் மருந்தாகவும் இருக்க வேண்டும் என்று.

அந்த நடிப்புக்காக ஆஸ்கார் பரிசுப் பட்டியலிலே அவர் பெயர் இடம்பெற்றது. அவ்வாண்டு டயானா ராசின் பெயரும் அதே வரிசையில் இருந்தது. சிறந்த நடிகைக்கான பட்டியலிலே அதற்குமுன் இடம்பெற்ற கறுப்பினப் பெண் ஒருவரே - டோரதி டாண்ட்ரிட்ஜ், 'கார்மன் ஜோன்ஸ்' என்ற 1954ஆம் ஆண்டுப் படத்துக்காக. பரிசு டைசனுக்குக் கிட்டவில்லை.

பிறகு வந்ததுதான் ஜேன் பிட்மன். இருபதுகளிலிருந்து நூற்றுப்பத்து வரை ஒரு பெண்ணின் முழு வாழ்வு. ஒப்பனைக் கலைஞர்கள் ஸ்டான் வின்ஸ்டனும் ரிக் பேக்கரும் மணிக்கணக்கில் உழைத்து முகத்திலே முதுமையைப் படியவைத்தனர். ஆனால் தோலுக்குமேல் ஒட்டிய சுருக்கம் கிழவியைத் தந்துவிடாது. குரலிலே ஈரம் வற்ற வேண்டும். கண்ணிலே நினைவு தேங்க வேண்டும். மூச்சுக்கு மூச்சு இளைப்பாற வேண்டும். அதைத் தந்தவர் டைசன். படத்துக்கு ஒன்பது எம்மி விருதுகள். அவருக்கு மட்டும் இரண்டு.

போற்றுகிறோம். போற்றும்போதே இரண்டு குறைகளைச் சுட்டாமல் விடமாட்டோம். நாவலிலே ஜேனின் கதையைக் கேட்டு எழுதுபவர் ஒரு வரலாற்று ஆசிரியர். படத்திலே அவர் வெள்ளைப் பத்திரிகையாளராக மாற்றப்பட்டுவிட்டார். ஏன் இந்த மாற்றம்? வெள்ளையர் வீட்டுக் கூடத்திலே ஒளிபரப்பாக வேண்டுமாயின், வெள்ளையர் ஒருவர் அருகே அமர்ந்து தலையாட்ட வேண்டும் போலும்! கறுப்பினத்தாரின் துயரத்துக்கும் வெள்ளைச் சான்று தேவைப்பட்டது. இஃது ஒரு குறை.

மற்றொன்று: ஜேன் தண்ணீர் குடிக்கும் அந்தக் காட்சி நாவலிலே இல்லை. அங்கே, போராட்டத்துக்குப் புறப்படும் கிழவி, தடுக்க நிற்கும் தோட்ட முதலாளியை நேருக்கு நேர் நோக்கிவிட்டு, அவனைக் கடந்து செல்கிறாள். அத்துடன் கதை முடிகிறது. கெய்ன்ஸ் ஒரு மக்கள் கூட்டத்தின் புறப்பாட்டைக் காட்டினார். தொலைக்காட்சி ஒரு தனிக்கிழவியின் வெற்றியாக அதைச் சுருக்கியது. ஒரு குழாயிலே குடித்ததும் எல்லாம் தீர்ந்தது என்ற மனநிறைவுடன் பார்ப்போர் உறங்கச் செல்லலாமே! இந்தக் குற்றச்சாட்டு வலிமையானது. ஆயினும், டைசனின் அந்த நடையைக் கண்டபின் நம் நா சற்றே தயங்குகிறது. அவர் தனித்து நடப்பதாக நமக்குத் தோன்றவில்லை. கொல்லப்பட்ட வளர்ப்புமகன், மாண்ட கணவன், சுடப்பட்ட இளைஞன் ஜிம்மி - அனைவரும் அவர் பின்னே நடப்பதாகவே தோன்றுகிறது. எழுத்து சுருக்கியதை நடிப்பு விரித்துவிட்டது.

அதன்பின் அவர் தேர்ந்த வேடங்களைப் பாருங்கள். 1977இல் 'ரூட்ஸ்' தொடரிலே, கடத்தப்பட்ட குண்டா கிண்டேயின் தாய் பிண்டா. 1978இல் மார்ட்டின் லூதர் கிங்கின் துணைவியார் கொரெட்டா. அதே ஆண்டு, அடிமைகளை இருளிலே அழைத்துச் சென்று விடுதலை செய்த ஹாரியட் டப்மன். 1981இல் சிகாகோ ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டிய மார்வா காலின்ஸ். பள்ளிப் புத்தகம் எழுத மறந்த பக்கங்களைத் தொலைக்காட்சியிலே எழுதிக்கொண்டே சென்றார்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். "எல்லாம் சரி ஐயா! தாய், வீராங்கனை, ஆசிரியை - எல்லோரும் உத்தமிகள். கறுப்பினப் பெண்களிலே கயவர் இல்லையா? வழுக்கி விழுந்தவர் இல்லையா? அவர்களும் மனிதர்தாமே? உயர்ந்தவரை மட்டும் காட்டுவது மற்றொரு பொய்யன்றோ?" என்பார். கேள்வி நேர்மையானது. சிலைக்கு உயிர் இராது. சிலையாகவே நடிப்போர்க்கும் அந்த ஆபத்து உண்டு. அவருடைய வீராங்கனை வேடங்கள் அனைத்தும் ரெபெக்காவின் உயரத்தை எட்டின என்று நாம் கூறமாட்டோம். ஆனால் நண்பர் ஒன்றை மறக்கிறார். நூறு வேடம் நீட்டப்படுபவன் ஒன்றை மறுத்தால், அது சுவை. இரண்டே வேடம் நீட்டப்படும் பெண், இரண்டையும் மறுத்தால், அது போர். போர்க்காலத்திலே வளைந்த முதுகை நிமிர்த்துவதற்குச் சற்றே பின்னோக்கியும் வளைக்கத்தான் வேண்டியிருக்கும்.

மற்றொரு நண்பர் இன்னும் கூர்மையானவர். அவர் சொல்லுவார்: "வேலைக்காரி வேடம் வேண்டாமென்றாரே! 1991இல் 'ஃப்ரைட் கிரீன் டொமேட்டோஸ்' படத்திலே சிப்சி யார்? சமையற்காரி. 1994இல் மூன்றாவது எம்மி வாங்கித் தந்த கஸ்டாலியா யார்? அடிமையாயிருந்த வீட்டுப் பணிப்பெண். 2011இல் 'த ஹெல்ப்' படத்திலே கான்ஸ்டன்டைன் யார்? வெள்ளை வீட்டின் முதிய வேலைக்காரி! கொள்கை எங்கே போயிற்று?"

முதலிலே நாமும் இதை முரண்பாடு என்றே எண்ணினோம். எண்ணியதை மாற்றியது, முன்னே நினைவில் வைக்கச் சொன்ன அந்தச் செய்திதான். அம்மையாரின் தாயே பிறர் வீட்டிலே வேலை செய்தவர்! வேலைக்காரி எத்தகையவள் என்பதை ஹாலிவுட்டைவிட நன்கறிந்தவர் வேலைக்காரியின் மகள். மாலையிலே களைத்து வீடு திரும்பும் வேலைக்காரியை அவர் அறிவார். அந்த வேலைக்காரிக்குச் சினமுண்டு, இறுமாப்புண்டு, இறைவனுண்டு, மகளை அடித்துத் திருத்தும் கையுமுண்டு. திரையிலே வந்த சமையற்காரிக்கு இவற்றுள் எதுவுமில்லை. ஆகவே டைசன் எதிர்த்தது வேலைக்காரியை என்று சொல்ல முடியாது. வேலைக்காரியின் பெயரால் காட்டப்பட்ட பொம்மையை எதிர்த்தார். உழைப்பிலே இழிவில்லை, உழைப்பவளை உள்ளமற்றவளாகக் காட்டுவதிலேதான் இழிவு. சிப்சியைப் பாருங்கள்: அடக்கமாக அடுப்படியிலே நிற்கிறாள். ஆனால் குழந்தையைப் பறிக்க வந்த கொடியவனை வீழ்த்தியது அவள் கை என்பது இறுதியிலே தெரிகிறது. பொம்மை அப்படிச் செய்யாது.

ஆனால் கான்ஸ்டன்டைன் வகையிலே நாம் அம்மையாருடன் முழுதும் உடன்பட இயலவில்லை. விருந்தினர் முன்னிலையிலே எசமானி அவளை வேலையைவிட்டு விரட்டுகிறாள். கதவின் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் அந்த முகம், சில நொடிகளிலே ஒரு வாழ்நாளின் உழைப்பையும் அவமதிப்பையும் காட்டிவிடுகிறது. நடிப்பு அப்பழுக்கற்றது. ஆயினும் படம் கேட்பது என்ன? வெள்ளை மகளின் உள்ளம் எப்படி நொந்தது, வெள்ளைத் தாயின் மனம் எப்படி உறுத்தியது என்பதையே கேட்கிறது. விரட்டப்பட்டவள் எங்கே சென்றாள், என்ன எண்ணினாள் என்பது ஓரிரு சொற்களிலே அடங்கிவிடுகிறது. 1972இலே இத்தகைய கதையை அவர் மறுத்திருப்பார் என்று எண்ணுகிறோம். குறை கூறுகிறோமென்று அன்பர்கள் வருந்தற்க. அவர் கற்றுத் தந்த அளவுகோலாலேதான் அவரையும் அளக்கிறோம். ஆசானுக்கு மாணவன் செலுத்தும் மரியாதை அதுவே.

முதுமையிலே அவர் பெற்ற வெற்றியொன்று நம் கட்டுரைக்கு முடிபோல் அமைகிறது. ஹார்ட்டன் ஃபுட் எழுதிய 'பவுண்டிபுலுக்கு ஒரு பயணம்' 1953இல் தொலைக்காட்சி நாடகமாக வந்தது. மகன் வீட்டிலே அடைபட்டுக் கிடக்கும் முதியவள், சாகுமுன் தான் பிறந்து வளர்ந்த ஊரை ஒருமுறை காணத் துடித்து ஓடிப்போகும் கதை. வெள்ளைப் பெண்மணிக்காக எழுதப்பட்ட வேடம். 1985இல் படமாக வந்தபோது ஜெரால்டின் பேஜ் நடித்து ஆஸ்கார் பெற்றார். அந்தப் படத்தைப் பார்த்த டைசன், இப்படியொரு வேடம் கிட்டினால் போதும், பிறகு ஓய்வு பெற்றுவிடலாம் என்றார். ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்தார். 2013இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையிலே அந்த வேடம் அவருடையதாயிற்று. அவர் பாடத் தொடங்கிய பழைய துதிப்பாட்டை அரங்கிலிருந்தோர் தாமாகவே சேர்ந்து பாடினர். 88ஆம் வயதிலே டோனி விருது!

இதன் பொருளை உணர்க. வேலைக்காரி, விலைமாது என்று இரண்டு மூன்று கூண்டுகளைக் காட்டி, உனக்கு உரியவை இவையே என்றது ஓர் உலகம். அவர் கூண்டை மறுத்தார். மறுத்து நின்றவர், இறுதியிலே நிறமே குறிக்கப்படாத, வெறும் மனித ஏக்கத்தின் வேடத்தைக் கேட்டுப் பெற்றார். வீட்டை நினைத்து ஏங்கும் கிழவிக்கு நிறம் ஏது?

2016இல் குடியரசுத் தலைவர் ஒபாமா நாட்டின் உயர்ந்த விடுதலைப் பதக்கத்தை அணிவித்தார். 1973இலே தரப்படாத ஆஸ்கார், 2018இல் சிறப்பு விருதாக வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 93. நாற்பத்தைந்து ஆண்டு தாமதம்! நியூஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சு நகரிலே கலைப்பள்ளியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2021 ஜனவரி 26இல் அவருடைய தன்வரலாற்று நூல் வெளிவந்தது. இரு நாள் கழித்து, 28ஆம் நாள், 96ஆம் வயதிலே மறைந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டே விடைபெற்றார் போலும்.

கலைவாணர்கள் பலர் கூறுவதுண்டு: "கொடுத்த வேடத்தைச் செய்வது எங்கள் தொழில், கொடுப்பவர் கருத்துக்கு நாங்கள் பொறுப்பல்லர்" என்று. அவர்களிடம் சிசிலி டைசனின் வாழ்வை எடுத்து வைக்கிறோம். மக்கள் தங்களைத் தாங்களே காணும் கண்ணாடி திரை. அந்தக் கண்ணாடி கோணலாயின், நேரான முகமும் கோணலாகவே தெரியும். தெரியத் தெரிய, முகமே கோணல்தானோ என்ற ஐயம் பிறக்கும். கண்ணாடியின் கோணலை நிமிர்த்த, நடிப்பவரின் கையிலே இருப்பது ஒரே கருவி - 'மாட்டேன்' என்ற சொல்.

அந்தச் சொல்லுக்கு விலை உண்டு. அம்மையார் அந்த விலையைக் கொடுத்தார், வேலையற்ற ஆண்டுகளாக. கொடுத்ததனாலேதான், ஒரு ஜனவரி இரவிலே ஊன்றுகோலுடன் அந்தக் கிழவி குழாயை நோக்கி நடந்தபோது, அந்த நடையை நாடு நம்பியது. எவர் எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொண்ட ஒருவர் அந்த நடையை நடந்திருந்தால், அது நல்ல நடிப்பாக மட்டுமே இருந்திருக்கும். வேண்டாமென்று பலமுறை சொல்லிப் பழகிய கால்கள் நடந்தன. ஆகவே அது வரலாறாயிற்று.